நான்கு சக்கரமும் ஓடும், நான்கும் நிற்குமா?

தொம்மலூரிலிருந்து இமயப் பனிக்குக் கிளம்பும் ஜீப்புகளுக்கு எஞ்சினின் சக்தியைவிட அவசியமானவை சரியான ரப்பர், அளவான சங்கிலி, திரும்பி வரும் நிதானம்.

பெங்களூரின் வானிலைப் பதிவேடுகளில் மிகக் குளிர்ந்த நாள் 1884ஆம் ஆண்டு ஜனவரி 13. அன்று வெப்பமானி காட்டியது 7.8 டிகிரி செல்சியஸ். நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதற்குக் கீழே நகரம் இறங்கியதில்லை. டயர் தயாரிப்பாளர்களிடமும் ஏறக்குறைய இதே எண் ஒன்று இருக்கிறது: 7 டிகிரி. சாதாரண டயரின் ரப்பர் அதற்குக் கீழே இறுகத் தொடங்கி, சாலையைப் பற்றும் குணத்தைச் சிறிது சிறிதாக இழக்கிறது. இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். தொம்மலூரில் வாங்கி, தொம்மலூரிலேயே ஓடித் தேயும் ஒரு டயர், தன் ஆயுளில் ஒரு நாள்கூட உண்மையான குளிரைச் சந்திப்பதில்லை.

டிசம்பர் பிறந்தால் சில டயர்கள் அதைச் சந்திக்கப் புறப்படுகின்றன. தொம்மலூர் மேம்பாலத்தைச் சுற்றிலும் மென்பொருள் அலுவலகங்களும் அடுக்குமாடிகளும். அவற்றின் நிலவறைகளில், முதுகில் ஸ்டெப்னி சுமந்த மஹிந்திரா தார்களும் மாருதி ஜிம்னிகளும் ஓய்வெடுக்கின்றன. கிறிஸ்துமஸ் விடுமுறை வந்தால் அவற்றில் சில வடக்கே திரும்பும். கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை பெங்களூர் வழியாகவே போகிறது. மணாலிக்கு ஏறத்தாழ 2,700 கி.மீ. ஓசூர்ச் சாலை நெரிசலில் வளர்ந்த ஓட்டுநருக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டல்ல. கடைசி 20 கி.மீ.தான் சிக்கல்.

அந்தக் கடைசி 20 கி.மீ.யைத் திறந்துவிட்டது ஒரு சுரங்கப்பாதை. ரோத்தாங் கணவாய்க்கு அடியில், 3,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், 9.02 கி.மீ. நீளத்துக்குக் குடையப்பட்ட அடல் சுரங்கம் 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. அதுவரை குளிர்காலத்தில் ஏறக்குறைய ஆறு மாதம் வெளியுலகத் தொடர்பு அறுந்து கிடந்த லாஹுல் பள்ளத்தாக்கு, மணாலியிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் இடமாகிவிட்டது. விந்தையான பொருத்தம் என்னவென்றால், புதிய தலைமுறை தார் விற்பனைக்கு வந்தது அதற்கு முந்தின நாள், அக்டோபர் 2. பனிக்குப் போகும் பாதையும், பனிக்குப் போகலாம் என்ற ஆசையை ஊட்டும் வண்டியும் இருபத்து நான்கு மணி நேர இடைவெளியில் மக்கள் கைக்கு வந்தன. பனியில் ஓட்டும் பழக்கம் மட்டும் எந்தத் தேதியிலும் வந்து சேரவில்லை.

விளைவு 2024 டிசம்பரில் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு சோலாங் பள்ளத்தாக்குக்கும் சுரங்கத்துக்கும் இடையே பனி கொட்டியதில் ஏறத்தாழ ஆயிரம் வாகனங்கள் சிக்கிக்கொண்டன. போலீசார் இரவெல்லாம் நின்று பயணிகளை மீட்க வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் சமூக ஊடகங்களில் பரவிய ஒரு படக்காட்சியில், ஒரு ஜீப் சரிவில் மெல்லப் பின்னோக்கி வழுக்குகிறது. ஓட்டுநர் கதவைத் திறந்து வெளியே குதிக்கிறார். ஆளில்லாத வண்டி தன் போக்கில் இறங்கிப் போகிறது. வேகம் ஒன்றும் அதிகமில்லை. நடந்து போகிறவர்கூட அதை எட்டிப் பிடித்திருக்கலாம். பிடித்து நிறுத்தத்தான் வழி இல்லை.

ஓடுவது வேறு, நிற்பது வேறு

நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றிய தப்பெண்ணம் இங்கேதான் தொடங்குகிறது. எஞ்சினின் சக்தியை இரண்டு சக்கரங்களுக்குப் பதில் நான்குக்கும் பகிர்ந்து தருவது அதன் வேலை. பனியில் நின்றுபோன வண்டி கிளம்பவும், மேடு ஏறவும் அது பேருதவி. ஆனால் பிரேக்கை மிதிக்கும்போது எந்தக் காரிலும் நான்கு சக்கரமும்தான் நிற்கின்றன. அந்த நேரத்தில் இரண்டு லட்சத்துக்கு வாங்கிய பழைய காருக்கும் இருபது லட்சத்து ஜீப்புக்கும் வித்தியாசம் இல்லை. வண்டியைத் தரையோடு கட்டிவைத்திருப்பது நான்கு உள்ளங்கை அளவு ரப்பர் மட்டுமே.

கணக்கு எளிது. காய்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி பிரேக் பிடித்தபின் 8 அல்லது 9 மீட்டரில் நிற்கும். வண்டிகள் ஓடி இறுகிய பனியில் உராய்வு நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. அதே வண்டிக்கு 30 மீட்டர் வேண்டும். பனிக்கட்டியில் 60 மீட்டரும் போதாது. ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலைத் தூக்கி வைக்கும் நொடி இதில் சேரவில்லை. சரிவு இருந்தால் இன்னும் மோசம். கனமான வண்டி என்பதும் காப்பாற்றாது: எடை கூடினால் பிடிப்பும் கூடும், ஆனால் நிறுத்த வேண்டிய உந்துவிசையும் அதே அளவு கூடிவிடும்.

நான்கு சக்கர இயக்கம் செய்யும் இன்னொரு தீங்கு மனரீதியானது. இரண்டு சக்கர இயக்கக் கார் ஆரம்பத்திலேயே வழுக்கி, 'இது எனக்கு ஆகாது' என்று சொல்லிவிடும். நல்ல ஜீப் சொல்லாது. நிற்க முடியாத இடத்துக்கு ஓட்டுநரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

வாங்குவோரும் வாடகைக்கு எடுப்போரும் முதலில் பார்க்க வேண்டியது, வண்டியில் நான்கு சக்கர இயக்கம் உண்மையிலேயே இருக்கிறதா என்பதை. 2023 ஜனவரி முதல் தார் பின்சக்கர இயக்கத்திலும் விற்கப்படுகிறது. உருவம் ஒன்றுதான், உள்ளே முன் அச்சுக்குச் சக்தி போகாது. பனிக்காலத்தில் சோலாங் தடுப்பில் நிற்கும் போலீசார், 'ஃபோர் பை ஃபோர்' வண்டிகளையும் சங்கிலி கட்டியவற்றையும் மட்டுமே மேலே விடுவது வழக்கம். அங்கே போன பிறகு இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வதில் பயனில்லை.

ஐந்து விதப் பனி, ஒரே சொல்

முன்பனி, பின்பனி என்று பருவத்தையே பிரித்துப் பெயரிட்ட மொழி தமிழ். மார்கழி விடியலில் தொம்மலூர் ஏரிப் பக்கத்துப் புல்லில் படிவதும் பனி, லாஹுலில் கூரையை அமுக்குவதும் பனி. கவிதைக்கு இது போதும், டயருக்குப் போதாது. டயர் சந்திப்பது குறைந்தது ஐந்து விதப் பனியை.

முதலாவது, அப்போதுதான் விழுந்த பஞ்சு போன்ற புதுப்பனி. டயரின் பட்டன் அதில் அழுந்தி, பனியை இடுக்குகளில் திணித்துக்கொண்டு முன்னேறும். பனி பனியோடு ஒட்டும் என்பதால் அந்தத் திணிப்பே ஒரு பிடிப்பு. இரண்டாவது, வண்டிகள் ஓடி ஓடி இறுகிய பனி. பார்க்க வெள்ளைச் சாலை, நடந்தால் வழுக்கும். மூன்றாவது, பகல் வெயிலில் உருகித் தண்ணீரும் பனியுமாகக் கிடக்கும் சேற்றுப்பனி. இதில் டயர் மிதக்கும். நான்காவது, சேற்றுப்பனி இரவில் மறுபடி உறைந்து உண்டாகும் பனிக்கட்டி. ஐந்தாவதுதான் கொடியது: கண்ணாடிப் படலம்போல் சாலையில் படிந்து, அடியில் உள்ள தாரின் நிறத்தையே காட்டும் கறுப்புப் பனி. ஈரச்சாலை என்று ஓட்டுநர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே வண்டி கையை விட்டுப் போய்விடும். நிழல் விழும் வளைவுகள், பாலங்கள், சுரங்க வாயில்கள் இதன் இருப்பிடங்கள். சோலாங்கிலிருந்து அடல் சுரங்கம் வரையுள்ள பாதையில் இவை எல்லாமே உண்டு.

காலை பத்து மணிக்கு ஏறும்போது இருந்த பனியல்ல, மாலை ஐந்து மணிக்கு இறங்கும்போது இருப்பது. ஏறுவதற்கு ஏற்ற டயர் இறங்குவதற்கும் ஏற்றது என்று முடிவு கட்டுவோர் வழுக்குவது இந்த இடைவெளியில்.

முரட்டு டயர், முரண்டு டயர்

ஜீப் வாங்கிய கையோடு பலர் செய்யும் முதல் அலங்காரம், பெரிய பெரிய பட்டன்கள் கொண்ட மட்-டெரெய்ன் டயரை மாட்டுவது. பார்வைக்குக் கம்பீரம். சகதியில் அதற்கு நிகரில்லை. ஆழமான புதுப்பனியிலும் தோண்டிக்கொண்டு போகும். ஆனால் இறுகிய பனியிலும் பனிக்கட்டியிலும் அது ஏறக்குறைய அனாதை. காரணம் அதன் அமைப்பு. பட்டன்களுக்கு இடையே அகலமான பள்ளம் இருப்பதால் தரையைத் தொடும் ரப்பரே குறைவு. பட்டன்கள் கட்டியாக, கீறலின்றி இருக்கின்றன. பனியில் பிடிப்புத் தருபவை பெரிய பள்ளங்களைவிட, பட்டனின் மேல் பிளேடால் வகுந்ததுபோல் ஓடும் நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்களே. வண்டியின் எடை அழுத்தும்போது கீறல்கள் விரிந்து, ஒவ்வொரு விளிம்பும் நகம்போல் பனியைக் கவ்வும்.

குளிர்கால டயரின் ரகசியம் இந்தக் கீறல்களும், குளிரிலும் மென்மை குன்றாத சிலிக்கா கலந்த ரப்பரும். இதன் தாயகம் பின்லாந்து. அங்குள்ள நோக்கியன் நிறுவனம் 1934இல் லாரிகளுக்கும் 1936இல் கார்களுக்கும் குளிர்கால டயர் தயாரித்து இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தது. இந்திய நிறுவனமான அப்போலோ 2009இல் வாங்கிய நெதர்லாந்தின் விரெடெஸ்டைன், ஐரோப்பாவில் குளிர்கால டயருக்குப் பேர்போனது. திருவொற்றியூர் தொடங்கி ஒரகடம் வரை டயர் ஆலைகள் நிறைந்த தமிழகத்தின் வாகன ஓட்டிகளுக்கோ, அப்படி ஒரு டயரைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பே அரிது.

அப்படியானால் தொம்மலூர்க்காரர் குளிர்கால டயரை வரவழைத்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதானா? அங்கேதான் பூகோளம் குறுக்கிடுகிறது. பனியில் ஓடப்போவது 100 கி.மீ. என்றால், அதற்கு முன்னும் பின்னும் 5,400 கி.மீ. வெயில் சாலை. ஐதராபாதையும் நாகபுரியையும் பகலில் கடக்கும்போது அந்த மென்ரப்பர் அழிப்பான்போல் தேயும். சூடான சாலையில் அதன் பிரேக் பிடிப்பும் சாதாரண டயரைவிடக் குறைவு. போதாக்குறைக்கு, 2020 ஜூன் முதல் டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருப்பதால் நினைத்த டயர் நினைத்த அளவில் கிடைப்பதில்லை.

நடைமுறைத் தீர்வு நடுவழியில் இருக்கிறது. தார்ச்சாலைக்கும் கரட்டுப் பாதைக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன் டயர்களில் சில மட்டும் பனிக்கான சோதனையிலும் தேறியவை. பிஎஃப் குட்ரிச்சின் கேஓ2, யோகஹாமாவின் ஜியோலேண்டர் ஜி015 ஆகியவை இந்த வகையில் பலரும் அறிந்தவை. இவை அசல் குளிர்கால டயர்களுக்கு ஈடாகா. ஆனால் சமவெளியைத் தாங்கி, மலையில் ஓரளவு கைகொடுக்கும்.

எது தேறியது, எது தேறாதது என்பதை டயரின் பக்கச்சுவரே சொல்லும். 'எம்', 'எஸ்' என்ற இரு எழுத்துகள் மட்டும் பொறித்திருந்தால் ஏமாற வேண்டாம். 'சேறும் பனியும்' என்று அதற்குப் பொருள் இருந்தாலும், பட்டன்களின் வடிவத்தை வைத்துத் தயாரிப்பாளரே தந்துகொள்ளும் பட்டம் அது. பனியில் ஓட்டிப் பார்த்ததற்கு அத்தாட்சியல்ல. தேட வேண்டியது மூன்று சிகரம் கொண்ட மலை, அதற்குள் ஒரு பனிச்செதில் என்ற சின்னத்தை. 1999இல் வட அமெரிக்காவில் அறிமுகமான இது, ஓர் ஒப்பீட்டு டயரைவிடக் குறைந்தது 10 சதவீதமாவது கூடுதலாகப் பனியில் பிடிப்புக் காட்டினால்தான் கிடைக்கும். அங்கே பின்பற்றப்படும் சோதனையும் முன்னோக்கி இழுக்கும் பிடிப்பைத்தான் அளக்கிறது. பனிக்கட்டியில் வண்டி நிற்கும் என்பதற்கு இந்தச் சின்னமும் உத்தரவாதமில்லை.

சின்னத்தோடு வயதையும் பார்ப்பது நல்லது. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் தேயாமலே இருந்தாலும் பழைய ரப்பர் இறுகிவிடும். சட்டப்படி 1.6 மி.மீ. பட்டன் இருந்தால் போதும். பனிக்கு அது மொட்டை டயருக்குச் சமம். பனி நாடுகளில் 4 மி.மீ. குறைந்தபட்சமாகக் கருதப்படுகிறது. மாற்றுவதானால் நான்கையும் ஒரே ரகமாக மாற்ற வேண்டும். முன்னே புதிது, பின்னே பழசு என்ற சிக்கனம், சுற்றளவு வேறுபாட்டால் நான்கு சக்கர இயக்கத்தின் கியர்ப்பெட்டியையே பதம் பார்க்கும். பின்பக்கம் முதலில் வழுக்கி வண்டி சுழலவும் செய்யும்.

காற்று விஷயத்திலும் ஒரு கண் வேண்டும். பெங்களூரில் 28 டிகிரியில் 32 பவுண்டு அழுத்தம் வைத்துக் கிளம்பும் வண்டி, லாஹுலில் மைனஸ் 10 டிகிரியைத் தொடும்போது குளிர் ஏறத்தாழ 6 பவுண்டைப் பிடுங்கிக்கொள்ளும். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவுமானியில் 3 பவுண்டு திரும்பக் கிடைக்கும். நிகரக் குறைவு 3 பவுண்டு. காலையில், வண்டியை எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்து நிரப்பிக்கொள்வது முறை. பனியில் காற்றைக் குறைத்தால் பிடிப்புக் கூடும் என்பது ஆழமான மென்பனிக்கு மட்டும் பொருந்தும். ஐஸ்லாந்தில் பனிப்பாறைகள்மேல் ஓடும் ராட்சத டயர் ஜீப்புகள் அப்படித்தான் மிதக்கின்றன. மணாலிச் சாலையின் இறுகிய பனிக்கு அந்த வைத்தியம் தேவையில்லை.

சங்கிலியே கடைசிச் சொல்

டயர் எதுவானாலும், பனிக்கட்டியில் ரப்பர் தோற்கும் ஒரு கட்டம் வரும். அங்கே இரும்பு வேண்டும். சக்கரத்தைச் சுற்றிக் கட்டும் எதிர்வழுக்குச் சங்கிலி, பனிக்கட்டியைக் குத்தி உடைத்துப் பிடிக்கும். காஷ்மீரில் தங்மார்க்கிலிருந்து குல்மார்க் செல்லும் 13 கி.மீ. மலைப்பாதையில், பனி பெய்த நாட்களில் சங்கிலி இல்லாத வண்டிகளை நிர்வாகம் அனுமதிப்பதில்லை. அடிவாரத்திலேயே சங்கிலி வாடகைக்குக் கிடைக்கிறது. கட்டிவிடவும் ஆட்கள் உண்டு.

தொம்மலூருக்கு இந்த இரும்பு அந்நியமானதல்ல. தொம்மலூரிலிருந்து கோரமங்கலா செல்லும் சாலை ராணுவ நிலங்களின் ஊடாகப் போகிறது. ராணுவத்துக்கு உணவும் எரிபொருளும் கொண்டுசெல்லும் சேவைப் படையான ஏ.எஸ்.சி.யின் பயிற்சி மையம் பெங்களூரில் இருக்கிறது. இந்த ஊரின் இதமான காலையில் ஸ்டீயரிங் பிடிக்கக் கற்கும் இளைஞர்கள், பிற்பாடு லடாக்கின் கணவாய்களில் சங்கிலி கட்டிய லாரிகளை வரிசையாக ஓட்டுகிறார்கள். அவர்களுக்கும் விடுமுறைப் பயணிகளுக்கும் உள்ள வித்தியாசம் வண்டியில் இல்லை. சங்கிலி கட்டுவது ராணுவத்தில் பயிற்சி. பயணிக்கோ பனியில் நின்றபின் தேடும் பரிகாரம்.

சங்கிலியை வாங்கும்போது டயர் அளவுதான் முதல் விதி. ஜிம்னியின் 195/80 ஆர்15க்கான சங்கிலி தாரின் 255/65 ஆர்18க்கு ஏறாது. 'எல்லா ஜீப்புக்கும் பொருந்தும்' என்ற விளம்பரத்தை நம்பக் கூடாது. டயரைக் குறுக்கே மட்டும் தாண்டும் ஏணி வடிவச் சங்கிலியைவிட, வைரவடிவக் கட்டங்களாகப் பின்னியது பக்கவாட்டு வழுக்கலையும் தடுக்கும். அழகுக்காக நிறுவனம் சொன்னதைவிடப் பெரிய டயர் மாட்டியவர்களுக்கு இங்கே ஒரு தண்டனை காத்திருக்கிறது: சக்கரத்துக்கும் வண்டியின் உள்பாகங்களுக்கும் இடையே சங்கிலிக்கு இடம் இருக்காது. ஓடும்போது அது பிரேக் குழாயை அறுத்துவிடலாம்.

எந்தச் சக்கரத்தில் கட்டுவது? முடிந்தால் நான்கிலும். முன்சக்கரங்களில் மட்டும் கட்டினால் இறக்கத்தில் பின்பக்கம் சுழன்று முன்னே வரும். பின்சக்கரங்களில் மட்டும் கட்டினால் ஸ்டீயரிங் திருப்பினாலும் வண்டி நேராகப் போகும். ஒரு ஜோடிதான் இருக்கிறது என்றால், வண்டியோடு வந்த கையேடு சொல்லும் அச்சில் கட்ட வேண்டும்; இது வண்டிக்கு வண்டி மாறும்.

கட்டும் வேலை படிக்கும்போது எளிது, மைனஸ் 10 டிகிரியில் விரல் மரத்துப்போய், டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு செய்யும்போது அல்ல. எனவே தொம்மலூர் நிலவறையிலேயே இரண்டு முறையாவது கட்டி அவிழ்த்துப் பழக வேண்டும். சங்கிலியை முறுக்கின்றி விரித்து, கொக்கிகளின் திறந்த வாய் டயரைக் குத்தாமல் வெளிப்பக்கம் பார்க்கும்படி போர்த்த வேண்டும். உட்பக்கக் கொக்கியை முதலில் மாட்டி, பிறகு வெளிப்பக்கத்தை இறுக்கி, தொங்கும் நுனிகளைக் கட்டிவிட வேண்டும். நூறு மீட்டர் ஓட்டி இறங்கி மறுபடி இறுக்க வேண்டும். முதல் இறுக்கம் கட்டாயம் தளர்ந்திருக்கும். அதன்பின் வேகம் 40 கி.மீ.க்குள். பனி முடிந்து தார் தெரிந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சங்கிலி, டயர், சாலை மூன்றும் பாழ். கட்ட வேண்டிய இடம் ஏற்றம் தொடங்குமுன் உள்ள சமதளம். பாதி ஏறி வழுக்கிய பிறகு, பின்னால் நூறு வண்டிகள் ஒலிப்பான் அடிக்க, சரிவில் குந்திக் கட்டுவது உயிருக்கே உலை.

சங்கிலிக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்கள் பல. டயருக்குத் துணியாலான காலுறை மாட்டும் முறை நார்வேயிலிருந்து வந்தது. இறுகிய பனியில் குறைந்த தூரத்துக்கு உதவும், தாரில் பட்டால் கிழியும். பிளாஸ்டிக் பட்டைகளைச் சக்கரத்தில் ஆங்காங்கே இறுக்கும் வகை மலிவு. குழியிலிருந்து வெளியேற ஒருமுறை கைகொடுக்கலாம், இறக்கத்தில் அதை நம்பி இறங்கக் கூடாது. சக்கரத்தின் அடியில் செருகும் பற்பலகை, மடக்கு மண்வெட்டி, இழுவைக் கயிறு, ஒரு சாக்கு மணல் ஆகிய எளிய சாமான்களே பெரும்பாலும் வண்டியை மீட்கின்றன. மணல் இல்லாத இடத்தில் சாம்பலும் போதும்.

நின்றுவிட்டால்

எல்லாம் செய்தும் வண்டி நகராமல் போகலாம். அப்போது செய்யும் தவறே ஆளைக் கொல்கிறது. 2022 ஜனவரி 7 இரவு பாகிஸ்தானின் மலைவாசஸ்தலமான முர்ரீயில் பனிப்பொழிவைப் பார்க்கப் போனவர்களின் கார்கள் சாலையிலேயே புதைந்தன. குறைந்தது 22 பேர் இறந்தனர். சிறுவர்களும் அவர்களில் அடக்கம். குளிர் ஒரு காரணம். மூடிய காரில் ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டபோது, பனி அடைத்த புகைக்குழாய் வழியே திரும்பிய கார்பன் மோனாக்சைடு இன்னொரு காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே காரியம் முடிந்துவிடும். எஞ்சினை ஓட்டுவதானால் முதலில் புகைக்குழாயைச் சுற்றிப் பனியைத் தோண்டி விலக்க வேண்டும், சன்னலைச் சிறிது திறக்க வேண்டும், பத்து நிமிடம் ஓட்டி நிறுத்த வேண்டும். கம்பளியும் தண்ணீரும் உணவும் டிக்கியில் இல்லாமல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பனி நாடுகள் இந்தப் பாடங்களைச் சட்டமாக்கிவிட்டன. கனடாவின் கியூபெக் மாகாணம் 2008இலிருந்து குளிர்கால டயரைக் கட்டாயமாக்கியது. இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது இல்லாமல் அங்கு காரை எடுக்க முடியாது. மாண்ட்ரியலில் வாழும் ஈழத்தமிழர் குடும்பங்களுக்கு, இலை உதிர்ந்ததும் டயர் மாற்றக் கடையில் நாள் குறிப்பது நம் ஊரில் மழைக்கு முன் கூரை பார்ப்பது போன்ற வழக்கம். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் மலைச் சின்னம் இல்லாத டயர் குளிர்கால டயராகவே கருதப்படுவதில்லை. இந்தியாவில் அப்படிப் பொதுச் சட்டம் எதுவும் இல்லை. ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் நாட்டில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. இங்கே சட்டம் என்பது சோலாங்கிலோ தங்மார்க்கிலோ கை காட்டி நிறுத்தும் ஒரு காவலர்தான். அவரிடம் வாதாடி, கெஞ்சி மேலே போவதைச் சாமர்த்தியம் என்று நினைப்போர் இருக்கும்வரை மீட்புக்குழுக்களுக்கு டிசம்பர் விடுமுறை கிடையாது.

கணக்குப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. சொந்த வண்டியை மணாலி விடுதியில் நிறுத்திவிட்டு, பனியிலேயே பிறந்து வளர்ந்த உள்ளூர் ஓட்டுநரின் வண்டியில் கடைசி 20 கி.மீ. போவது. ஐந்து புது டயருக்கும் இரண்டு ஜோடிச் சங்கிலிக்கும் ஆகும் செலவில் சிறு பங்கே போதும். 2,700 கி.மீ. ஓட்டி வந்தவருக்கு இது கௌரவக் குறைச்சலாகத் தோன்றலாம். லாஹுலில் வாழ்கிறவர்களே பனி கொட்டும் நாளில் வண்டியை எடுப்பதில்லை என்பதை நினைத்துக்கொண்டால் அந்த எண்ணம் அகலும்.

புறப்படும் முன்

டயர்: நான்கும் ஸ்டெப்னியும் ஒரே ரகம், ஒரே அளவு. மலையும் பனிச்செதிலும் கொண்ட சின்னம் இருக்கிறதா, பட்டன் 4 மி.மீ.க்கு மேல் இருக்கிறதா, வயது என்ன என்று பார்க்கவும்.

சங்கிலி: டயர் அளவுக்கு ஏற்றதாக இரண்டு ஜோடி. வீட்டிலேயே கட்டிப் பழகவும். பயணம் முடிந்ததும் கழுவி, காயவைத்து எடுத்து வைக்கவும். துருப்பிடித்த சங்கிலி அறுந்து வண்டியையே அடிக்கும்.

ஓட்டும் முறை: பனி தொடங்குமுன்பே நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றவும். காய்ந்த சாலை வந்ததும் விலக்கவும். இறக்கத்தில் தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்கட்டும். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடவும். முன்வண்டிக்கும் நமக்கும் இடையே வழக்கமான இடைவெளியைப்போல் பல மடங்கு விடவும். முன்னே ஏறும் வண்டி உச்சியை எட்டும்வரை கீழேயே காத்திருக்கவும்.

டீசல்: சமவெளியில் நிரப்பிய டீசல் கடுங்குளிரில் கெட்டிப்படலாம். லடாக் பகுதிக்கென இந்தியன் ஆயில் 2019இல் அறிமுகப்படுத்திய குளிர்கால டீசல் மைனஸ் 33 டிகிரி வரை உறையாது. டேங்க்கைக் கால்வாசியோடு மேலே கொண்டுபோய், அங்கே நிரப்புவது உத்தமம்.

நேரம்: பகல் இரண்டு மணிக்குள் இறங்கத் தொடங்கவும். மூன்று மணிக்கு உருகிய சாலை ஆறு மணிக்குக் கண்ணாடியாகியிருக்கும்.